ஒரு வசனம், இரண்டு அரசாங்கங்கள்

சன்ஷைன், மெல்பேர்ண்
19 நவம்பர் 1978

அன்புள்ள அத்தானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரெலிபோனை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "தூர அழைப்பு பாமா, காசு ஓடுது" என்றீர்கள். அழைத்தது நான். ஓடியது என் காசு. அக்காவையும் பேச விடவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாதல்லவா.

நீங்கள் அரைகுறையாகக் கேட்டதை முழுதாகச் சொல்கிறேன். பெயின்ற் ஃபாக்டரி ஆய்வுகூடத்தில் பின்னேர சிஃப்டுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்று விளம்பரம் போட்டார்கள். நான் விண்ணப்பித்தேன். நாலு வருடமாக அங்கே ஒவ்வொரு தொட்டிப் பெயின்ற்றையும் சோதித்துப் பார்ப்பது நான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவளும் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். வேலை கெவினுக்குக் கிடைத்தது. அவனுக்கு எட்டு மாதத்துக்கு முன்பு பெயின்ற்றின் தடிப்பு, அதாவது பிசுக்குமை, பார்க்கப் பழக்கியவள் நான்.

செப்டெம்பர் பன்னிரண்டாம் திகதி டொனலியிடம் போய்க் காரணம் கேட்டேன். அவர் எங்கள் ஃபாக்டரி மனேஜர், நீங்கள் மெல்பேர்ணில் இருந்தபோது உங்களுக்கும் அவர்தான் மனேஜர். என் முழுப்பெயரின் முன்பாதிதான் அவருக்கு வாயில் வரும். சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ கெட்டிக்காரி, சத்யா. ஆனா அந்த சிஃப்டில இருபத்திரண்டு ஆம்பிளையள். ஒரு சிலோன்காரப் பொம்பிளை, அதுவும் பிள்ளைக்காரி, வந்து பெயின்ற் சரியில்லை எண்டு திருப்பி அனுப்பினா அவங்கள் கேப்பாங்களோ?"

ஒரே வசனம். ஒரே மூச்சு.

இப்போது கேளுங்கள். இங்கே இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்றில் சோபியா என்று ஒரு இளம் சட்டத்தரணி இருக்கிறாள். தகப்பன் கிரேக்கத்திலிருந்து கப்பலில் வந்து கார் ஃபாக்டரியில் நின்றவர். அவள் அந்த வசனத்தை ஒரு தாளில் எழுதி, நடுவில் கோடு போட்டாள். "சிலோன்காரி" என்பது இனம். அதற்குச் சட்டம் வைத்திருப்பது சமஷ்டி அரசாங்கம், முழு நாட்டுக்குமான மத்திய அரசு. "பொம்பிளை", "பிள்ளைக்காரி" என்பவை எங்கள் விக்டோரியா மாநிலத்தின் புதுச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டத்தில் இனம் கிடையாது. சமஷ்டிச் சட்டத்தில் பெண் கிடையாது. ஆகவே இரண்டு முறைப்பாடு, இரண்டு அலுவலகம், இரண்டு கோப்பு.

"நான் எந்த அலுவலகத்தில முழு ஆளா இருப்பன்?" என்று கேட்டேன். "ஒண்டிலையும் இல்லை" என்றாள். கெட்டிக்காரி, பொய் சொல்லவில்லை.

தமிழருக்குச் சமஷ்டி வேண்டும் என்று ஊரில் அரசாங்கக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் குந்தியிருந்த ஆட்கள் நாங்கள். சமஷ்டி என்றால் ஒருத்தியை எப்படிப் பிரிக்கலாம் என்று எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் சிட்னித் தலைமைக் காரியாலயத்தில் ஆளணிப் பிரிவில் இருக்கிறீர்கள். எல்லோருடைய கோப்பும் உங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். என் கோப்பில் இந்தச் சூப்பர்வைசர் விஷயமாக ஏதும் கடதாசி வந்ததா? வந்தது, வரவில்லை என்று ஒரு சொல் எழுதுங்கள்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பாமா

•

லிட்கம், சிட்னி
2 டிசெம்பர் 1978

அன்புள்ள பாமாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். உமது அக்கா யோகாவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீர் கேட்ட விஷயத்தில் நான் எதுவும் சொல்வது முறையல்ல. ஆளணிக் கோப்புகள் இரகசியமானவை. அதை வெளியே கொண்டுபோனால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த வருடம் என்னை உதவி ஆளணி அதிகாரியாக்குவது பற்றி பிராட்லி கதைத்திருக்கிறார். என்னுடைய மேலதிகாரி அவர். இந்தக் கொம்பனியில் எங்கள் நிறத்தில் ஒருவருக்கும் அந்தப் பதவி கொடுத்ததில்லை. அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று நீரே யோசியும்.

இன்னொன்று. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வருடம்? வந்த உடனேயே முறைப்பாடு, சட்டத்தரணி என்று நிற்கிறோம் என்ற பெயர் வந்தால் பின்னால் வருகிற எங்கள் ஆட்களுக்கும் கதவு அடைபடும். உமது கணவர் ஜெயரட்ணம் இதற்கு என்ன சொல்கிறார்? டிராமில் ரிக்கற் கிழிக்கிற மனுசன், அவருக்கும் ஏதும் இடைஞ்சல் வரக்கூடாது.

கெவின் ஒரு வருடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவான். அப்போது உமக்குத்தான் கிடைக்கும். பொறுமையாக இரும்.

அன்புடன்,
விக்னராஜா

•

சன்ஷைன்
14 ஜனவரி 1979

அத்தான்,

ஜெயரட்ணம் என்ன சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். "என்ர மனிசிக்கு ரெண்டு அரசாங்கம் காவல், எனக்கு ஒரு டிராம்தான்" என்கிறார். அவருடைய சிஃப்ட் விடிய ஐந்து மணிக்குத் தொடங்கிப் பகல் ஒரு மணிக்கு முடிகிறது. நான் பின்னேர சிஃப்டுக்குப் போயிருந்தால் மகளைப் பார்க்க வேறு ஆள் தேவைப்பட்டிராது. அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்திருக்கும். இதை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு அலுவலகத்திலும் சமரசப் பேச்சு முடிந்துவிட்டது. அங்கே பேசியதை வெளியே சாட்சியமாக எடுக்க முடியாதாம். உங்களுக்கு எழுதுவதும் பிழையாக இருக்கலாம். இருக்கட்டும்.

முதலில் சமஷ்டிக்காரர் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர்கள். எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். டொனலி வந்து, "இதுக்கும் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவ கலியாணம் முடிச்சவ, சின்னப் பிள்ளை இருக்கு, பின்னேர சிஃப்டுக்குச் சரிவராது. அவ வெள்ளைக்காரியா இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பம்" என்றார். அந்த அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டார். "மன்னிக்கவேணும் அம்மா. அவர் சொல்றது அநியாயமா இருக்கலாம், ஆனா அது எங்கட சட்டத்துக்குள்ள இல்லை."

மூன்று கிழமை கழித்து மாநில அலுவலகம். அதே டொனலி, அதே கழுத்துப்பட்டி. "பொம்பிளை, பிள்ளைக்காரி எண்டதெல்லாம் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. அந்த சிஃப்டில இருக்கிற ஆக்களுக்கு அவவின்ர இங்கிலீஸ் விளங்காது, வேற நாட்டு ஆள் எண்டா கட்டுப்படமாட்டாங்கள்" என்றார். அங்கேயும் பேனை கீழே போனது.

விளங்குகிறதா? அங்கே சொன்னதை இங்கே சொல்லியிருந்தால் குற்றம். இங்கே சொன்னதை அங்கே சொல்லியிருந்தால் குற்றம். மனுசன் எந்தக் கதவில் எந்தப் பொய் செல்லும் என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். இரண்டு கோப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க இந்த நாட்டில் ஒரு மேசை இல்லை.

ஆனால் ஒரு விஷயம் வாய் தவறி வந்துவிட்டது. மாநில அலுவலகத்தில் கடைசியாக எழும்பும்போது டொனலி சொன்னார்: "நான் வேணாம் எண்டு சொல்லேல்ல. முடிவு சிட்னியில எடுத்தது. அவவின்ர சொந்தச் சனத்திட்டக் கேட்டுத்தான் எடுத்தவை."

சோபியா வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டத்தில் இனமும் இருக்கிறது, பெண்ணும் இருக்கிறது, கலியாணமும் இருக்கிறது. எல்லாம் ஒரே சட்டம், ஒரே அலுவலகம். முடிவு உண்மையிலேயே சிட்னியில் எடுக்கப்பட்டது என்று காட்ட முடிந்தால் என்னை வெட்டாமல் முழுதாகக் கொண்டுபோய் அங்கே வைக்கலாம் என்கிறாள். ஆனால் காரணம் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மார்ச் பன்னிரண்டோடு கதவு மூடும்.

சிட்னிக் காரியாலயத்தில் என்னுடைய சொந்தச் சனம் எத்தனை பேர் இருக்கிறார்கள், அத்தான்?

பாமா

•

லிட்கம்
28 ஜனவரி 1979

பாமா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

ஓம். நான்தான்.

செப்டெம்பர் முதல் கிழமை பிராட்லி என்னைக் கூப்பிட்டார். இரண்டு வருடமாக அவருடைய அறைக்குள் போய் நின்றுகொண்டு பதில் சொல்லிவிட்டு வருவதுதான் என் வழக்கம். அன்றைக்கு "விக், கதிரையை இழுத்துப்போட்டு இரும்" என்றார். கதவைச் சாத்தினார். மெல்பேர்ணிலிருந்து உமது பெயரை டொனலி அனுப்பியிருக்கிறார் என்றும், உமது புள்ளிகள்தான் கூட என்றும் சொன்னார். "உங்கட ஆக்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நீர் அவவுக்கு உறவு. பின்னேர சிஃப்டில, ஆம்பிளையளோட, இரவு பதினொரு மணி வரைக்கும் அவ நிப்பாவோ? புருசன் விடுவானோ?" என்று கேட்டார்.

நான் உம்மைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எங்கட பொம்பிளையள் அப்பிடி நிக்கமாட்டினம். குடும்பத்துக்கு அது மரியாதை இல்லை" என்றேன். நான் பெரிய ஆள் மாதிரி, ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பான மனுசன் மாதிரி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னேன். அவர் தலையாட்டினார். தாங்ஸ் விக் என்றார்.

பிறகு ஒரு குறிப்பைச் சொல்லச் சொல்ல எழுதி, தட்டெழுத்தில் அடித்து, மெல்பேர்ண் தபால் பையில் போட்டதும் நான்தான். "நியமிக்க வேண்டாம். இந்தச் சிஃப்டின் ஆட்கள் ஒரு வெளிநாட்டுப் பெண்ணை ஏற்கமாட்டார்கள். அவளுடைய குடும்பத்தாரும் விரும்பவில்லை." செப்டெம்பர் ஏழாம் திகதி. கார்பன் பிரதி உமது கோப்பில் இருக்கிறது.

உமக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. அதை மட்டும் நம்பும்.

யோகாவுக்குத் தெரியாது.

விக்னராஜா

•

சன்ஷைன்
6 பெப்ரவரி 1979

அத்தான்,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆய்வுகூடத்தில் ஒரு தொட்டி வெள்ளைப் பெயின்ற்றை மஞ்சள் என்று எழுதிவிட்டேன். கெவின்தான் வந்து திருத்தினான். பாவம், அவன் ஒன்றும் கூடாதவனில்லை.

கெடுதல் நினைக்கவில்லை என்கிறீர்கள். அதை நம்புகிறேன். நம்புவதால்தான் கோபம் கூடுகிறது. டொனலி என்னை எதிரியாக நினைத்தாவது பொய் சொன்னான். நீங்கள் என்னை நினைக்கவே இல்லை. அந்த அறையில் நான் ஒரு ஆளாக இருக்கவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னார்கள், அதற்கு வாடகையாக என்னைக் கொடுத்துவிட்டீர்கள்.

"எங்கட பொம்பிளையள்." யார் அந்தப் பொம்பிளையள்? அந்த வார்த்தையை நீங்கள் சொன்ன அன்று பின்னேரம் என்னுடைய அக்கா எங்கே நின்றவ? லிட்கத்தில் வீட்டில் சோறு காய்ச்சிக்கொண்டா? பிஸ்கட் ஃபாக்டரியில் சூட்டடுப்புக்குப் பக்கத்தில் பின்னேரம் மூன்றிலிருந்து பதினொன்று வரைக்கும் நின்றவ. எழுபத்தைந்தாம் ஆண்டு மெல்பேர்ணில் தொடங்கி, சிட்னிக்கு வந்தும் விடவில்லை. கால் வீங்குவது அதனால்தான். உங்கள் காரியாலயத்தில் "மிஸிஸ் விக் வீட்டில இருக்கிறா" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று அக்கா எனக்கு எழுபத்தாறாம் ஆண்டே சொல்லிவிட்டா. அவ சிரித்துக்கொண்டுதான் சொன்னவ. நானும் சிரித்தனான். என்னுடைய முட்டாள்தனம். அந்தப் பொய்யை அப்போதே பிடித்து உலுப்பியிருந்தால் அது வளர்ந்து என்னுடைய கழுத்தில் வந்து நின்றிராது.

சரி, இனி அலுவல் பேச்சு. சோபியாவுக்கு உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். பிராட்லியின் குறிப்பில் "வெளிநாட்டுப் பெண்" என்று ஒரே இடத்தில் இரண்டும் இருக்கிறது. முடிவு சிட்னியில். அடித்தது சிட்னியில். கோப்பைக் கொண்டுவரச் சொல்லி அந்த அலுவலகம் கேட்கலாம். ஆனால் கடதாசி அதற்குள் தொலைந்து போகலாம். அதை அடித்த ஆள் வந்து சொன்னால் தொலையாது.

அதோடு அவள் இன்னொன்றும் கேட்டாள். உடந்தையாக இருந்தவர் என்று உங்களையும் எதிராளியாகப் போடவா என்று. நீங்கள் எழுதித்தருகிற வாக்குமூலத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பாமா

•

லிட்கம்
18 பெப்ரவரி 1979

அன்புள்ள பாமாவுக்கு,

வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்து வைத்திருக்கிறேன். முடிவு பிராட்லியின் அறையில், செப்டெம்பர் ஏழாம் திகதி எடுக்கப்பட்டது என்றும், குறிப்பில் இருந்த வசனங்களையும் அப்படியே எழுதியிருக்கிறேன். உமக்குத் தேவையானது அதுதானே.

என்னைப் பற்றிய பகுதியில், "தமிழ்ப் பெண்களின் குடும்ப வழக்கங்கள் குறித்துப் பொதுவான தகவல் கேட்கப்பட்டது, நான் தெரிவித்தேன்" என்று போட்டிருக்கிறேன். அதற்குமேல் விவரம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். யோகாவின் வேலையை இதற்குள் இழுக்க வேண்டாம். அது எங்கள் வீட்டு விஷயம்.

பதவி பற்றி பிராட்லி இப்போது கதைப்பதில்லை. ஏதோ மணத்திருக்கிறது போல. கதிரையில் இருக்கவும் சொல்வதில்லை.

எதிராளியாகப் போடாமல் விடுவீர் என்று நம்புகிறேன். உமக்காக இல்லை என்றாலும் உமது அக்காவுக்காக.

விக்னராஜா

•

சன்ஷைன்
25 பெப்ரவரி 1979

அத்தான்,

வாக்குமூலத்தைத் திருப்பி அனுப்புகிறேன். முதல் பக்கம் நல்லது. இரண்டாம் பக்கம் கொம்பனிக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த பரிசு.

"குடும்ப வழக்கங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு அவர்களுடைய சட்டத்தரணி என்ன சொல்வான் தெரியுமா? நாங்கள் அவளுடைய கலாசாரத்தை மதித்தோம் என்பான். கறுப்பி என்றும் தள்ளவில்லை, பெண் என்றும் தள்ளவில்லை, மரியாதையால் தள்ளினோம் என்பான். சோபியா இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். இரண்டு அரசாங்கத்துக்கு நடுவில் விழுந்தவளை மூன்றாவதாக நீங்கள் எங்கட ஆட்களின் கிடங்குக் குழிக்குள்ளும் தள்ளுகிறீர்கள்.

அப்படி ஒரு வழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னீர்கள். உங்கள் மனைவி அந்த நேரம் ஃபாக்டரியில் நின்றா, அதனால் நீங்கள் சொன்னது பொய் என்று உங்களுக்கே தெரியும், என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இந்த மூன்றும் அந்தப் பக்கத்தில் வர வேண்டும். வந்தால் அவர்களுக்கு ஒளிய இடமில்லை. வராவிட்டால் நீங்கள் சாட்சி இல்லை. அவர்களோடு நிற்கிற ஆள். அப்போது உங்கள் பெயரும் எதிராளிகளின் வரிசையில் போகும். என் கையாலேயே எழுதுவேன்.

அக்காவுக்காக என்கிறீர்கள். அக்காவை நேற்றுப் பகல் ரெலிபோனில் பிடித்துவிட்டேன். முழுதும் சொன்னேன். மன்னிக்கவும், அவவுக்கு உரிமை இருக்கிறது. பிறகு, "அவர் ஒளிச்சது என்னைத்தான் எண்டு நினைச்சனான். உன்னையுமோ?" என்று மட்டும் கேட்டா.

மார்ச் ஒன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்குகிறேன். சோபியாவும் வருகிறாள். அங்கிருந்து நேரே அந்த அலுவலகத்துக்கு நடந்து போவோம். முறைப்பாட்டில் எதிராளிகளின் பெயர் எழுதும் இடத்தை அங்கே போய்த்தான் நிரப்புவேன்.

சாட்சியாக வருவதென்றால் ஸ்டேஷனுக்கு வாருங்கள். அத்தானாக வழியனுப்ப, வரவேற்க என்று வர வேண்டாம்.

பாமா

•

லிட்கம்
5 மார்ச் 1979

பாமா,

இரண்டாம் பக்கத்தைப் புதிதாக எழுதிவிட்டேன். யோகா குசினி மேசையில் எனக்கு எதிரே இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தா. "ஃபாக்டரியில் பகுதிநேர உதவி" என்று நான் எழுதியதை வெட்டிவிட்டு, எந்த லைன், எத்தனை மணி, எத்தனை வருடம் என்று தன்னுடைய கையெழுத்தில் போட்டா. "என்னை அரைவாசியா எழுதாதேங்கோ" என்றா. அன்றைக்கு எனக்குத் தனியாகத்தான் சாப்பாடு.

நான் சொன்னது பொய் என்றும், அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும் என்றும் எழுதியிருக்கிறேன். ஏன் சொன்னேன் என்றும் எழுத முயன்றேன். மனுசன் என்னைச் சமமாக நடத்தினான் என்ற சந்தோசத்தில் சொன்னேன் என்று எழுதினால் சட்டத்துக்கு அது தேவையா என்று தெரியவில்லை. ஆனாலும் விட்டிருக்கிறேன். வேண்டாமென்றால் சோபியா வெட்டட்டும்.

வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டுப் போர்ம் நிரப்பினேன். காரியாலயத்தில் எல்லோருடைய லீவுப் போர்மும் என்னிடம்தான் வரும். "காரணம்" என்ற கட்டத்தில் எல்லோரும் குடும்ப அலுவல் என்றுதான் எழுதுவார்கள். நான் பார்த்துப் பதிந்துவிட்டு பிராட்லிக்கு அனுப்புவேன். என்னுடையதில், "இந்தக் கொம்பனிக்கு எதிரான முறைப்பாட்டில் சாட்சி சொல்ல" என்று எழுதி, நானே பதிவுப் புத்தகத்தில் ஏற்றி, இன்று காலை அவருடைய தட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவர் வாசிக்கும்வரை நின்றேன். இரண்டு தரம் வாசித்தார். "இது குடும்ப அலுவல்தானே, விக்?" என்று கேட்டார். திருத்திக்கொள்ளச் சொல்லிப் பேனையையும் நீட்டினார்.

"இல்லை சேர்" என்றேன்.

அவர் கையெழுத்து வைக்கவில்லை. போர்ம் இன்னும் அவருடைய தட்டில்தான் கிடக்கிறது. நான் வெள்ளிக்கிழமை எட்டரைக்கே ஸ்டேஷனில் நிற்பேன்.

விக்னராஜா